மூன்றாவது பெட்டி

சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்புகிறார்களில்லை. இரும்புக் கதவை யாரோ ஒருதரம் உதைத்த மாதிரி ஒரு ‘டக்’. கண்ணைக் குத்தும் ஒரு நீல வெளிச்சம். பிறகு மயிர் எரிந்த மணம். அவ்வளவுதான்.

நான் திரும்பிப் பார்த்தபோது ரிஸ்வான் பெட்டிக்கு முன்னால் இல்லை. ஆறடி தள்ளி, காற்றாலைக் கோபுரத்துக்குள் மேலே போகும் ஏணியின் அடியில், ஒரு கால் மடிந்தபடி கிடந்தான். அவன் பிடித்திருந்த திருப்புளி எனக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அதன் நுனி உருகிப்போய் இருந்தது.

“ரிஸ்வான்! டேய் ரிஸ்வான்!”

காலை பத்து மணி. வெளியே ஒரு ஓலைகூட அசையாத நாள். அந்தப் பெட்டியில் கரண்ட் இல்லை. சுவிட்சை இறக்கியது நான். அதற்குப் பூட்டுப் போட்டது நான். சாவி என் சட்டைப் பைக்குள் இருந்தது. ரிஸ்வான் மீட்டர் வைத்துப் பார்த்தான், சைபர் காட்டியது. நானும் எட்டிப் பார்த்தேன், சைபரேதான். பிறகு எங்கேயிருந்து வந்தது அந்தக் கரண்ட்?

மூச்சு இல்லை. முதலுதவி வகுப்பில் பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சை அமத்தச் சொன்னபோது சிரித்துச் சிரித்துச் செய்த ஆள் நான். அன்றைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ. “எழும்படா மடையா, எழும்படா” என்று ஏசி ஏசி அமத்தினேன். முப்பதோ நாற்பதோ தெரியாது. என் வியர்வை அவன் முகத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு இருமல் வந்தது. நான் அப்படியே சீமெந்துத் தரையில் குந்திவிட்டேன்.

கம்பனி வாகனத்தில் போட்டுக்கொண்டு ஓடினோம். பாலாவிச் சந்தியில் வழமைபோல லொறிகள் மறித்து நின்றன. தலையை வெளியே நீட்டி நான் கத்திய கத்தலில் ஒரு உப்பு லொறிக்காரன் பயந்து வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்கி வழிவிட்டான். ரிஸ்வான் என் மடியில் கிடந்தான். வலது கையைத் துவாயால் சுற்றியிருந்தேன். புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“அண்ணன், ஓஃப்ல தானே இரிந்திச்சு?”

“ஓஃப்தான்டா.”

“அப்ப எப்புடி?”

தள்ளுவண்டியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

காற்றும் மூன்று பெட்டிகளும்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக இரண்டு வரி. நான் பிலிப்பு. குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பேன் என்பதால் வீட்டார் என்னைக் கரைக்கு நேர்ந்துவிட்டார்கள். யுத்த காலத்தில் பாலாவியில் ஒரு கடையில் லொறி டைனமோ சுற்றினேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் கரையில் காற்றாலைக் கோபுரங்கள் எழும்பின. ஒரு கம்பனி என்னைத் தொழில்நுட்பவியலாளனாக எடுத்தது. கம்பனியின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பழைய இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை உண்டு. வண்ணாத்திவில்லுவில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் தன் தண்ணீர் மோட்டரைச் செருப்பால் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். அது புகைந்தது, நாறியது, நின்றது. பழுதென்றால் பழுது. ஊருக்கே தெரியும். அவருக்குக் கோபம் வந்தது, எனக்குப் பிழைப்பு கிடைத்தது. அந்த மோட்டர் எதையும் மறைக்கவில்லை.

காற்றாலை அப்படி இல்லை. காற்று ஒருநாள் பேயாய் அடிக்கும், ஒருநாள் சோம்பும். அதில் வரும் கரண்டும் ஏறி இறங்கும். அதை அப்படியே ஊருக்கு அனுப்பினால் வீட்டு டிவியெல்லாம் வெடிக்கும். அதனால் கோபுரத்தின் அடியில் ஒரு கன்வேட்டர் இருக்கும். ஆள் உயர அலுமாரி மாதிரி. அது வருகிற கரண்டை ஒருதரம் நேர் மின்னாக்கி, கப்பாசிட்டர்களில் தேக்கி, திரும்பவும் ஊர்க் கரண்டாக வெட்டி அனுப்பும். கப்பாசிட்டர் என்பது தண்ணீர்த் தாங்கிதான், தண்ணீருக்குப் பதில் மின். ஆயிரம் வோல்ட் அளவில் நிறைந்து நிற்கும்.

எங்கள் அலுமாரிக்குள் ஒரே மாதிரி மூன்று பெட்டிகள். ஒன்று பழுதானால் இயந்திரம் தானே அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் கொண்டு சமாளித்து ஓடும். பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரர் அதைச் சொன்னபோது நான் கை தட்டினேன். பிள்ளைத்தாச்சி மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டாவது வேலையை முடிக்கிற மெசின்! ரிஸ்வான்தான் கையை உயர்த்திக் கேட்டான்.

“ஒதுக்கின பெட்டிக்கு என்ன நடக்கும் சேர்?”

“நீங்கள் வந்து திருத்துவீர்கள்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

செபமாலைக் கடிகாரம்

காற்று விழுந்த மாதங்களில் பெட்டிகளைத் திறந்து துப்புரவு செய்வோம். கடற்கரை உப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். விசிறிகளில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். திறப்பதற்கு முன் ஒரு சட்டம் உண்டு. சுவிட்சை இறக்கிய பிறகு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தாங்கிகளில் நிற்கும் மின் வடிகால் வழியாக வடிந்து தீர அவ்வளவு நேரம் எடுக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே போகும்போது உடம்பில் இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், மணிக்கூடு, ஃபோன் எல்லாம் வாசல் பெட்டகத்துக்குள் போய்விடும். மணிக்கூடு இல்லாதவன் ஐந்து நிமிடத்தை எப்படிப் பார்ப்பது?

நான் செபமாலையில் பார்த்தேன். ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும், முடிவில் ஒரு மாதா பாட்டு. கோயிலில் சொல்லும் வேகத்தில் சொன்னால் சரியாக ஐந்து நிமிடம். முதல் மாதம் வாசலுக்கு வெளியே மணிக்கூட்டோடு நின்று சரிபார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாரும் என்னைத்தான் நம்பினார்கள். நான் ‘ஆமென்’ சொன்னால் கதவு திறக்கும். சிங்களப் பொடியன்மார்கூட, “பிலிப் அய்யா, ஆமென்த?”, ஆமென் ஆகிவிட்டதா, என்று கேட்பார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ரிஸ்வான் மட்டும் நக்கலடிப்பான். “என்ன அண்ணன், உங்கட மாதாவுக்கு இண்டைக்கு எங்கயோ பஸ் புடிக்க இரிக்கி போல?”

“வாயை மூடிட்டு விசிறியைக் கழற்று” என்பேன்.

உன் பெருநாளுக்கு நான்

ரிஸ்வானுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். கற்பிட்டிக்காரன். வாப்பா இறால் வாடியில் வேலை செய்தவர். மெலிந்த, நீண்ட விரல்கள். ஊசியால் எடுக்கவேண்டிய ஆணியை விரலால் எடுத்துவிடுவான். எங்கள் கூட்டத்தில் அவன்தான் கெட்டிக்காரன். இதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆவணி மாதத்து அன்னம்மா திருவிழாவுக்கு எங்கள் குடும்பம் முழுதும் கோயில் வளவில் கொட்டில் போட்டுப் படுக்கும். ஆனால் ஆவணி என்றால் கொண்டல் போய், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உச்சத்தில் நிற்கும் காலம். கம்பனி ஒருவனுக்கும் லீவு தராது. பெருநாள் காற்றுக் காலத்தில் விழுந்தால் முஸ்லிம் பொடியன்மாருக்கும் அதே கதி. ஆகவே எங்கள் திருநாளுக்கு அவர்கள் எங்கள் இடத்தில் இருப்பார்கள். அவர்கள் பெருநாளுக்கு நாங்கள் இருப்போம்.

கம்பனிக் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டு அறைக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் பணி எண்ணை அடிக்க வேண்டும். என் இடத்தில் இருப்பவன் என் எண்ணை அடிப்பான். அவன் இடத்தில் நான் அவன் எண்ணை அடிப்பேன். என் எண் பதினேழு. அந்தக் கரையில் அது எத்தனை பேருக்குப் பாடமோ!

அதைக் களவென்று நாங்கள் நினைக்கவே இல்லை. ஒற்றுமை என்று நினைத்தோம். நாட்டில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பண்ணையில் அப்படியொன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு செக்கன்

ரிஸ்வான் பிழைத்தான். ஆனால் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விரல் மடங்காது என்றார்கள். ஆஸ்பத்திரி நடையில் அவன் மனைவி ஸபீனா என்னைப் பார்த்ததும் எழும்பி நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். “நீங்க இல்லாட்டி இவர்ட மையத்தைத்தான் பார்த்திருப்பன் அண்ணன்” என்றாள். அந்தச் சொல் எனக்குள் போய் எங்கேயோ குத்தியது.

விபத்து நடந்து ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஒரு பொறியியலாளர் வந்தார். திலினி என்று பெயர். சின்ன வயது. சத்தம் போடாமல் கதைப்பார். நாங்கள் சிங்களத்தில் கதைத்தோம்.

“சுவிட்சை இறக்கிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?”

“ஐந்து நிமிடம்.”

“எதில் பார்த்தீர்கள்?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். “வழமையாகச் சொல்வது போலவே சொல்லுங்கள். அவசரப்பட வேண்டாம்.”

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, செபமாலையின் அந்தப் பத்து மணிக் காரணிக்கத்தைச் சொல்லி முடித்தேன். ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது அவர் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு செக்கன்.

“இல்ல மிஸ், அதில் ஏதோ பிழை. திரும்பப் பிடியுங்கோ.”

திரும்பவும் சொன்னேன். இந்தமுறை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னேன். இரண்டு நிமிடம் பத்து. மாதா பாட்டை எப்போது கைவிட்டேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. மூன்று வருடத்தில் என் ஐந்து நிமிடம் தேய்ந்து தேய்ந்து பாதிக்கும் குறைவாகியிருக்கிறது. அது தெரியாமல் இத்தனை பேரை அந்தப் பெட்டிகளுக்குள் கை வைக்க விட்டிருக்கிறேன். அடக் கடவுளே! ரிஸ்வான் அடித்த நக்கல் ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

“ஆனால் மீட்டர் சைபர் காட்டியது மிஸ்” என்றேன்.

“அதுதான் எனக்கும் விளங்கவில்லை” என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தார்.

அன்றைக்கு என்ன காட்டியது?

கன்வேட்டர் தன் நோவுகளையெல்லாம் பதிந்து வைத்துக்கொள்ளும். திலினி மிஸ் கீழே கீழே போய் ஒரு வரியில் விரலை வைத்தார். நாலாம் கோபுரம். மூன்றாவது பெட்டி ஒதுக்கப்பட்டது. விபத்துக்கு இரண்டு மாதம் முந்திய ஒரு பிற்பகல்.

“இரண்டு மாதமாக இது இரண்டு பெட்டியில்தான் ஓடியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாதா?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அது ஓடிக்கொண்டுதானே இருந்தது! கச்சான் குறையக் குறைய எல்லாக் கோபுரமும் குறைவாகத்தான் தரும். யார் கவனித்தார்கள்?

“எச்சரிக்கை அடித்திருக்கிறது. ஒருவர் பார்த்து, ரீசெட் அமர்த்தியிருக்கிறார்.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பணி எண் பதினேழு.”

திகதியைப் பார்த்தேன். அன்னம்மா திருவிழாவுக்கு முதல் நாள். அந்தப் பிற்பகல் நான் கோயில் வளவில் கோழி அறுத்துக்கொண்டிருந்தேன். என் கதிரையில் ரிஸ்வான் இருந்தான்.

திருவிழா முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே அவன் சொன்னான். இப்போது இந்த வரியை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. “அண்ணன், நாலாம் நம்பர் ஏதோ கத்திச்சு. ரீசெட் அடிச்சன். ஓடுது. ஒருக்காப் பாருங்க” என்று சொன்னான். நான் வாயில் திருவிழாத் தொதல் இனிப்பைப் போட்டுக்கொண்டு, “ஓடினாச் சரிதானே” என்றேன். என்ன கத்தியது என்று கேட்கக்கூட இல்லை. என் எண்ணில் நடந்ததைக் கந்தோருக்குச் சொல்ல அவனுக்கு வழியும் இல்லை.

ஆள்மாறாட்டம் தெரிந்தால் அவனுக்கு வேலை போகும். கையும் போய், வேலையும் போய் அவன் என்ன செய்வான்? ஒரு செக்கன்தான் யோசித்தேன்.

“நான்தான் மிஸ். நான்தான் அமர்த்தினது.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு.

“அப்படியானால் சொல்லுங்கள். திரையில் என்ன காரணம் காட்டியது? வெப்பமா, பியூஸா? பதிவில் கோளாறு எண் மட்டும்தான் நிற்கும். காரணம் ரீசெட் அமர்த்தியதும் அழிந்துவிடும்.”

நான் பார்த்தால்தானே சொல்ல! ஆவணி வெயிலில் எல்லாப் பெட்டியும் வெப்பம் என்றுதான் கத்தும். “வெப்பம்” என்றேன்.

“நிச்சயமாக?”

“நிச்சயம் மிஸ்.”

அவர் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. “அப்படியானால் பெட்டி ஓய்வில் மட்டும்தான் இருந்திருக்கிறது. மற்றவற்றோடு சேர்ந்து வடிந்திருக்கும். நேரம் போதாததுதான் காரணம், மீட்டர் முனை சரியாகத் தொடவில்லை போல.” பிறகு மேசையில் இருந்த றேடியோவை எடுத்தார். “ஏழாம் கோபுரத்திலும் இதே கோளாறு எண்தான் போன கிழமை விழுந்திருக்கிறது. அங்கே ரீசெட் அமர்த்தியவருக்கும் காரணம் ஞாபகமில்லை. காலையிலிருந்து ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறேன், பாவம்.”

றேடியோவில் சொன்னார்: “ஏழாம் கோபுரம், திறக்கலாம்.”

மறுபக்கம் எங்கள் கூட்டத்துச் செல்வத்தின் குரல் சந்தோசமாகக் கேட்டது. “சரி மிஸ். மூடியைக் கழற்றுறம்.”

ஏழாம் கோபுரம்

எனக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுத்ததோ தெரியாது. “பியூஸ் என்றால் என்ன நடக்கும் மிஸ்?” என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். வடிகால் மூன்று பெட்டிக்கும் பொது. பியூஸ் போனால் மூன்றாவது பெட்டி அந்தப் பொது வழியிலிருந்து அறுந்துவிடும். ஆனால் ஓடும்போது கரண்ட் உள்ளே வரும் பக்கம் திறந்தே இருக்கும். நிறையும், வடியாது. மீட்டரை நாம் பொதுக் கம்பியில் வைப்பதால் அது சைபர் காட்டும். நாலாம் கோபுரத்துப் பெட்டி கருகிப்போனதால் பியூஸ் எப்போது போனதென்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. “அதனால்தான் உங்களைக் கேட்டேன்” என்றார்.

நான் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“நிப்பாட்டுங்கோ! மிஸ், அவங்களை நிப்பாட்டுங்கோ! நான் அண்டைக்கு இங்க இல்ல!” சிங்களம் மறந்து தமிழில் கத்திவிட்டேன். பிறகு சிங்களத்தில் கத்தினேன்.

அவர் றேடியோவை வாயருகே வைத்து, “கை வைக்காதீர்கள். ஒருவரும் உள்ளே கை வைக்காதீர்கள். வெளியே வாருங்கள்” என்று மூன்று தரம் சொன்னார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு செல்வத்தோடு நின்ற சமிந்தவின் குரல் வந்தது. வெளியே வந்துவிட்டார்களாம்.

“அப்படியானால் அன்றைக்கு யார் இருந்தது?” என்று திலினி மிஸ் கேட்டார்.

நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். ஸபீனா எடுத்து ரிஸ்வானின் காதில் வைத்தாள்.

“தம்பி, திருவிழாவுக்கு முதல் நாள் நாலாம் நம்பர் கத்தினதே. என்ன காட்டினது?”

அவன் திருப்பிக் கேட்டான்.

“ஸ்பீக்கர்ல போட்டிருக்கா அண்ணன்?”

“ஓம்.”

“பக்கத்துல கந்தோர் ஆக்கள் இரிக்காங்களா?”

“ஓம் தம்பி. ஏழாம் நம்பர்ல செல்வமும் சமிந்தவும் மூடி கழற்றிட்டு நிக்கிறாங்க. அதே நம்பர் விழுந்திருக்கு.”

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத் தெரியும், எங்களில் கெட்டிக்காரன் அவன்தான்.

“பியூஸ்” என்றான். “மூண்டாவது பெட்டி, பியூஸ். நான்தான் ரீசெட் அடிச்ச. ரிஸ்வான். அவங்களைத் தொட விடாதீங்க.”

நாங்கள் ஏழாம் கோபுரத்துக்குப் போனபோது செல்வம் வெளியே புல்லில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியின் நான்கு ஆணியும் கழன்றிருந்தன. திலினி மிஸ் ரப்பர் கையுறை போட்டு, நீளத் தடியில் பொருத்திய மீட்டரை மூன்றாவது பெட்டிக்குள் விட்டார். காலை ஏழு மணிக்கே கரண்டை வெட்டிய கோபுரம் அது. அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு வோல்ட்.

“நான் முதலே அளந்திருக்க வேண்டும்” என்று திலினி மிஸ் தனக்குள் சொன்னார். ஐந்து நிமிடமென்ன, முழுச் செபமாலை சொல்லியிருந்தாலும் ரிஸ்வானின் விரல்கள் தப்பியிருக்காது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

கையெழுத்து

எல்லாக் கோபுரமும் நிறுத்திச் சோதிக்கப்பட்டது. மூடியைத் திறக்குமுன் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகத் தடி மீட்டரால் அளக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. செல்வத்தின் மனைவி எனக்கு ஒரு வாளி நண்டு கொண்டுவந்து தந்தாள். அது ரிஸ்வானுக்குப் போகவேண்டியது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கந்தோரில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நிர்வாகத்து மனிதர் ஒருவர் எனக்குத் தேநீர் தந்தார். எனக்குக் கந்தோரில் தேநீர் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ரிஸ்வான் என்ற ஊழியர் என் பணி எண்ணை என் அனுமதியில்லாமல் பாவித்து எச்சரிக்கையை மறைத்தார் என்று அதில் எழுதியிருந்தது.

“அனுமதியோடுதான் சேர். நான்தான் அவனைக் கேட்டு இருக்க வைத்தது.”

“அப்படி எழுதினால் இரண்டு பேரும் போகவேண்டிவரும். அவர் எப்படியும் போகிறார். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?”

மூன்று என்றேன். அவர் பேனையைத் திறந்து தந்தார்.

போட்டேன். என்னால் நம்பமுடியாத காரியம் அந்த மாதத்தில் எத்தனையோ நடந்தது. ஆனால் என் கை அந்தத் தாளில் ஓடியதைப் பார்த்தபோது வந்த திகைப்பு வேறொன்றிலும் வரவில்லை. என் பெயரை அழகாக, முழுதாக, தடங்காமல் எழுதிவிட்டது.

ரிஸ்வான் வீட்டுக்கு வந்த பிறகு கற்பிட்டிக்குப் போய்ப் பார்த்தேன். விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். வேலை நீக்கக் கடிதம் அவனுக்கு முதலே வந்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் விசயம் தெரிந்துவிட்டது.

“அனுமதி இல்லாம எண்டு போட்டிருக்காங்க. நீங்க கையெழுத்து வச்சீங்களா அண்ணன்?”

“வச்சன் தம்பி.”

அவன் கட்டுப் போட்ட கையை மடியில் இருந்து எடுத்துக் கதிரைக் கையில் வைத்தான்.

“எந்தக் கையால?”

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே பார்த்து, “ஸபீனா, அண்ணன் வந்திரிக்காரு, தேத்தண்ணி போடு” என்றான். தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அதே கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் ‘பாதுகாப்பில் முன்மாதிரி’ என்று எழுதிய ஒரு கண்ணாடித் துண்டைத் தந்தார்கள். ரிஸ்வானுக்கு அந்தக் கடிதத்தோடு இந்தக் கரையில் வேறெந்தக் கம்பனியும் வேலை தரவில்லை. இடது கையால் பழகி, கற்பிட்டியில் ஃபோன் திருத்துகிறான்.

அந்தக் கடிதத்தில் இருப்பது பொய். என் எண்ணை அவனிடம் கொடுத்தது நான். என் திருநாளுக்காக, நான் கேட்டுத்தான் அவன் வந்தான். பார்க்கச் சொன்னான், நான் பார்க்கவில்லை. நான் எழுதும் இந்த வரிகளிலும் என் கையெழுத்து இருக்கிறது: பிலிப்பு, பணி எண் பதினேழு.